நெடுந்தீவுக்கு யார் பொருத்தம்?

கலியாணத்துக்குப் பத்துப் பொருத்தம் பார்க்கிற சனம் நாங்கள். ஒரு ஆளை வேலைக்கு அனுப்பேக்க மட்டும் ஒரு பொருத்தமும் பார்க்கிறதில்லை. அது ஒரு ஊரை என்ன செய்யும் என்பதற்கு நெடுந்தீவின் வரலாறு நல்ல உதாரணம்.

ஒல்லாந்தர் தங்கள் நகரமான டெல்ஃப்டின் பேரை இந்தத் தீவுக்கு வைத்தார்கள், இங்கே குதிரையும் வளர்த்தார்கள். பிறகு ஆங்கிலேயர் காலத்தில், 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், குதிரை வளர்ப்புக்குப் பொறுப்பாக வந்தவர் நோலன் என்ற அயர்லாந்து இராணுவ அதிகாரி. ஒதுக்குப்புறமான தீவென்று ஓடிவிடாமல் ஆண்டுக்கணக்காக இங்கேயே இருந்தார். ஆனால் சனத்தில் ஒருவராக இல்லை, ஒரு குறுநில மன்னரைப் போல இருந்தார் என்றுதான் அவரைப் பற்றிச் சொல்கிறார்கள். அவர் பதவியோடு பொருந்தினார். மக்களோடு பொருந்துவது வேறு விசயம்.

1986இல் சார்ள்ஸ் ஓரைலி, ஜெனிபர் சட்மன் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் வேலைப் பற்றை மூன்றாகப் பிரித்தார்கள்: சம்பளம், சலுகைக்காக இணங்கிப் போவது, நிறுவனத்தைத் தன்னுடையதாக உணர்வது, அதன் விழுமியங்களைத் தன் விழுமியங்களாகவே கொள்வது. யாரும் கேட்காமல் பிறருக்கு உதவும் பழக்கம் பின்னைய இரண்டிலிருந்துதான் வருகிறது என்று கண்டார்கள்.

அரச சேவையில் நெடுந்தீவு இன்று கஷ்டப் பிரதேசம். குறிகட்டுவானிலிருந்து ஏறத்தாழ ஒரு மணித்தியாலக் கடற்பயணம். வந்த நாளிலேயே இடமாற்றத்துக்கு நாள் எண்ணுகிறவரை நாங்கள் குறை சொல்லவில்லை. கட்டாயப்படுத்தி அனுப்பினால் இணக்கம் மட்டும்தான் கிடைக்கும். பின்தங்கிய பிள்ளைக்குப் பள்ளி விட்ட பிறகு கணக்குச் சொல்லிக்கொடுப்பதும், ஒரு ஆச்சிக்குப் படிவம் நிரப்பிக் கொடுப்பதும் எந்த நியமனக் கடிதத்திலும் எழுதியிருக்காது.

பொருத்தம் என்றால் வசதி என்றும் அர்த்தமில்லை. 1985 மே 15 அன்று குமுதினிப் படகில் வந்த பயணிகள், குழந்தைகள் உட்பட, நடுக்கடலில் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். அதே குமுதினி பிறகும் நெடுந்தீவுக்கு ஓடியது. அதன் தளத்தில் மறுபடி ஏறி நின்று வேலை செய்தவர்களை வெறும் சம்பளம் பிடித்து வைத்திருக்கும் என்று நாங்கள் நினைக்கவில்லை. படகு நின்றால் தீவே நின்றுவிடும் என்று அவர்களுக்குத் தெரியும்.

ஆகவே எங்கட கேள்வி நியமனம் செய்பவர்களிடம்தான். விரும்பி வருகிறவருக்கு முதலிடம் கொடுக்கலாம். தங்க ஒழுங்கான விடுதி கொடுக்கலாம். தீவிலேயே படித்து வந்த பிள்ளைகள் திரும்பிப் போய் வேலை செய்ய வழி திறக்கலாம். இதையெல்லாம் செய்யாமல் 'அர்ப்பணிப்பு இல்லை' என்று மேடையில் கதைக்கிறதில் என்ன நியாயம்?