மோல்

மோல் என்பது பொருளின் அளவைக் குறிக்கும் அனைத்துலக அடிப்படை அலகு. ஒரு மோலில் சரியாக 6.02214076 × 10²³ துகள்கள் உள்ளன. துகள் என்பது அணு, மூலக்கூறு, அயனி, எலக்ட்ரான் என எதுவாகவும் இருக்கலாம். கண்ணுக்குப் புலப்படாத இவற்றை ஒவ்வொன்றாக எண்ண இயலாது. தராசில் நிறுத்தே எண்ணிக்கையை அறிய மோல் வழிசெய்கிறது.

வரலாறு

ஒரே வெப்பநிலையிலும் அழுத்தத்திலும் சம கனஅளவுள்ள வாயுக்களில் மூலக்கூறுகளும் சம எண்ணிக்கையில் இருக்கும் என்று இத்தாலிய அறிஞர் அமெடியோ அவகாட்ரோ 1811-இல் கூறினார். அந்த எண்ணிக்கை எவ்வளவு என்பது அவருக்குப் பின் வந்தவர்களின் வேலையாயிற்று. ஆஸ்திரிய அறிஞர் யோசப் லோஷ்மிட் 1865-இல் காற்று மூலக்கூறின் பருமனை மதிப்பிட்டார். பிரான்சின் ஜீன் பெரின் 1909-இல் இந்த எண்ணுக்கு அவகாட்ரோவின் பெயரைச் சூட்டினார்.

மோல் 1971-இல் அடிப்படை அலகாயிற்று. அப்போது 12 கிராம் கார்பன்-12-இல் உள்ள அணுக்களின் எண்ணிக்கையே அளவுகோல். பின்னர் ஏறத்தாழ ஒரு கிலோகிராம் நிறையுள்ள சிலிக்கான்-28 கோளத்தில் அணுக்களின் இடைவெளியை எக்ஸ் கதிர்களால் அளந்து, எண் மேலும் துல்லியமாக்கப்பட்டது. 2019 மே 20 முதல் அது மாறா எண்ணாக நிலைநிறுத்தப்பட்டுள்ளது.

கணக்கிடும் முறை

ஒரு மோல் பொருளின் நிறை அதன் மோலார் நிறை. மாதிரியின் நிறையை மோலார் நிறையால் வகுத்தால் மோல்களின் எண்ணிக்கை கிடைக்கும். அதை அவகாட்ரோ எண்ணால் பெருக்கினால் துகள்களின் எண்ணிக்கை கிடைக்கும்.

தூய சமையல் உப்பு 5 கிராம் எடுத்துக்கொள்வோம். சோடியத்தின் 22.99-ஐயும் குளோரினின் 35.45-ஐயும் கூட்டினால் மோலார் நிறை 58.44 கிராம். எனவே உப்பின் அளவு 0.0856 மோல், அதிலுள்ள சோடியம் குளோரைடு அலகுகள் ஏறத்தாழ 5.15 × 10²². ஒவ்வோர் அலகிலும் ஒரு சோடியம் அயனியும் ஒரு குளோரைடு அயனியும் இருப்பதால், மொத்த அயனிகள் 1.03 × 10²³.

கரைசலாக இருந்தால், லிட்டருக்கு எத்தனை மோல் என்னும் செறிவைக் கனஅளவால் பெருக்கி மோலைக் காணலாம். இலட்சிய வாயுவாக இருந்தால், 0° செல்சியசிலும் ஒரு வளிமண்டல அழுத்தத்திலும் 22.4 லிட்டருக்கு ஒரு மோல்.

துகளைக் குறிப்பிடுதல்

எந்தத் துகளை எண்ணுகிறோம் என்று சொல்லாவிட்டால் மோல் கணக்கு பிழைபடும். ஒரு மோல் ஆக்சிஜன் அணுக்களின் நிறை 16 கிராம். ஒரு மோல் ஆக்சிஜன் மூலக்கூறுகளின் நிறை 32 கிராம். எண்ணிக்கை ஒன்றே, நிறை இருமடங்கு.