தண்ணீர்மலையும் நம் மனசும்



லீவு நாளில் எங்கே போகலாம் என்று பிள்ளைகள் கேட்டால், பத்து காவான் பக்கத்து வீடுகளில் "தண்ணீர்மலைக்குப் போவோமே" என்ற பேச்சு வந்துவிடும். அந்தப் பெயரைச் சற்றே கவனியுங்கள். வெள்ளைக்காரர் அங்குள்ள அருவியைப் பார்த்து 'வாட்டர்பால்' என்றார். மலாய்க்காரர் 'கெபுன் பூங்கா', அதாவது பூந்தோட்டம் என்றார். நம்மவர்களோ அங்கு குடிகொண்ட முருகனையே தண்ணீர்மலையான் ஆக்கிவிட்டார்கள். நம் வாயால் ஒரு பெயர் வைத்துவிட்டால் பாதி சொந்தம் வந்துவிட்டது என்றே நான் சொல்வேன்.

பினாங்கு தாவரவியல் பூங்கா 1884இல் தொடங்கியது. அதற்கு முன் அது கருங்கல் உடைத்த இடம். சார்ல்ஸ் கர்ட்டிஸ் என்ற துரை 1903 வரை அதைப் பொறுப்பேற்று வளர்த்தார். ஆனால் 1910இல் என்ன நடந்தது தெரியுமா? நகரத்துக்குக் குடிதண்ணீர் வேண்டும், பூங்காவை நீர்த்தேக்கம் ஆக்கிவிடலாம் என்று நகராட்சியிடம் ஒப்படைத்துவிட்டார்கள்! நல்ல வேளை, அந்தத் திட்டம் கைவிடப்பட்டு 1912இல் பூங்கா திரும்பி வந்தது. இல்லையென்றால் நாம் பாய் விரித்துக் கட்டுச்சோறு தின்ற புல்வெளியில் இன்று தண்ணீர்தான் நின்றிருக்கும்.

அங்குள்ள நாகலிங்க மரத்தைப் பார்த்திருப்பீர்கள். நம் பாட்டிமார் அதன் பூவைக் கண்டதும் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். உண்மையில் அது தென் அமெரிக்காவின் மரம். நம்மைப் போல அதுவும் கடல் கடந்து வந்ததுதான், போங்கள்!

1974இல் யீ-ஃபூ துவான் என்ற புவியியல் பேராசிரியர் மனிதர் இடத்தின்மேல் வைக்கும் பற்றைப் பற்றி ஒரு நூலே எழுதினார். நம் தோட்டத்து மக்களுக்கு அந்தப் பற்று எப்படி வந்தது? 1985இல் முதல் பாலம் திறக்கும் வரை பட்டர்வொர்த்துக்கு பஸ், அங்கிருந்து பெரி, பிறகு இன்னொரு பஸ். சம்பளத்தில் மிச்சம் பிடித்து, தைப்பூசத்துக்கு முடி இறக்க, காவடி எடுக்கப் போனார்கள். நேர்த்தி முடிந்த கையோடு மரநிழலில் பிள்ளைகளோடு உட்கார்ந்தார்கள். சாமியும் உல்லாசமும் அங்கே ஒன்றாகிப்போயின. கஷ்டப்பட்டுப் போன இடம் மனசில் ஆழமாக இறங்கும் அல்லவா? 2014 முதல் இரண்டாம் பாலம் பத்து காவானிலேயே ஏறுகிறது. 24 கிலோமீட்டர்தான். 2012இல் குடமுழுக்கு கண்ட மலைக்கோயிலுக்கு 513 படி. ஏற முடியாத தாத்தாக்கள் கீழேயே இருந்து கும்பிடுகிறார்கள்.

நம் பத்து காவானும் மாறிவிட்டது. தோட்ட நிலத்தில் நகரம் எழுந்தது. 2000ஆம் ஆண்டு சுக்மா விளையாட்டுகளுக்காக 40,000 பேர் அமரும் அரங்கம் கட்டினார்கள். பெருமைதான், மறுக்கவில்லை. ஆனால் துண்டாடப்பட்ட தோட்டங்களில் லயமும் போச்சு, திடலும் போச்சு. பழைய ஆள் ஒருவரிடம் திடல் எங்கே இருந்தது என்று கேட்டுப் பாருங்கள். கோல் கம்பம் நின்ற இடம், பந்து போய் விழும் அல்லூர், வேடிக்கை பார்க்கப் பெண்கள் நின்ற வேலியோரம் எல்லாவற்றையும் விரலால் காட்டுவார். இப்போது அங்கே நிற்பது கட்டடமாக இருந்தாலும் சரி!