சல்லி

பெயர்ச்சொல். 1. உடைந்த சிறு துண்டு. 2. மதிப்புக் குறைந்த சிறு நாணயம். 3. (வசையில்) தரம் தாழ்ந்தது.

வருசநாட்டுப் பக்கம் ரோடு போடக் கொட்டும் கருங்கல் சில்லு சல்லி. மண்ணுக்குள் பரவும் மெல்லிய வேர் சல்லிவேர். கண்ணாடி விழுந்தால் “சல்லிசல்லியாப் போச்சு” என்பார்கள். சிறுமைதான் எல்லாவற்றுக்கும் பொது. நாணயத்தில் சிறியது சல்லிக்காசு. அதைத் துணியில் முடிந்து காளையின் கொம்பில் கட்டியதால் சல்லிக்கட்டு என்பது பரவலான விளக்கம். சிங்களத்திலோ சல்லி என்றால் பணமேதான்.

பக்கத்துச் சொற்கள்: அளவு குறைந்தால் சொற்பம் (வடமொழி ‘ஸ்வல்பம்’), மதிப்புக் குறைந்தால் அற்பம் (‘அல்பம்’). கூலி சொற்பம், சண்டைக்குக் காரணம் அற்பம். சல்லி இரண்டுக்கும் பொருந்தும், ஆனால் ஏளனத்தோடு. “சல்லிக்காசு தேறாது” என்றால் வரவில்லாத வெள்ளாமை. “சல்லிப்பய” என்றால் வாக்கு நிற்காத ஆள். முன்னதை யாரிடமும் சொல்லலாம். பின்னதைச் சொன்னால் பஞ்சாயத்துதான்.