எண்ணெய்க்கு வந்த எண்

பிரிக்பீல்ட்ஸிலிருந்து கிள்ளானுக்கு நாள்தோறும் காரில் சென்று திரும்பும் குடும்பத்தலைவர், பெட்ரோல் நிலையத்தில் இரண்டு எண்களைக் காண்கிறார்: 95, 97. விலை கூடியது வலிமையும் கூடியதாகத்தான் இருக்கும் என்றெண்ணி, சம்பளம் வந்த வாரத்திலேனும் 97 ஊற்றுவோர் உண்டு.

அவ்வெண் வலிமையின் அளவன்று, பொறுமையின் அளவு. இயந்திரத்தினுள் அழுத்தப்படும் பெட்ரோல் ஆவி, தீப்பொறி மூட்டிய சுடர் வந்து சேருமுன் தானாகவே வெடித்தால் 'டக் டக்' என்னும் ஓசை எழும். நாளடைவில் இயந்திரம் பழுதுறும். அழுத்தத்தை அது எவ்வளவு தாங்கும் என்பதையே எண் காட்டுகிறது. 1926-இல் அமெரிக்க வேதியியலார் கிரஹாம் எட்கர், ஐசோ-ஆக்டேனுக்கு 100 என்றும், எளிதில் வெடிக்கும் ஹெப்டேனுக்கு 0 என்றும் கொண்டு இவ்வளவுகோலை வகுத்தார்.

அளவுகோல் பிறக்குமுன்பே மருந்து பிறந்துவிட்டது. அதுவே நஞ்சாகவும் இருந்தது. ஈயச் சேர்மம் ஒன்றைச் சிறிது கலந்தால் ஓசை அடங்கும் என்று 1921-இல் தாமஸ் மிட்ஜ்லி கண்டார். 1924-இல் நியூ ஜெர்சியின் பேவே ஆலையில் அதனால் தொழிலாளர் ஐவர் மாண்டனர். எனினும் விற்பனை சிறிது காலமே நின்றது. மலிவாக எண்ணை உயர்த்தும் வழியை விட்டுவிட எவருக்கும் மனம் வரவில்லை. ஈயப்புகை குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுப்பது. துன் சம்பந்தன் சாலையோரத்துப் பிள்ளைகளும் அக்காற்றையே சுவாசித்து வளர்ந்தனர்.

ஷா ஆலமில் உருவான புரோட்டோன் சாகா 1985 சூலையில் வெளிவந்தது. பெட்ரோலில் ஈயத்தின் அளவைக் கட்டுப்படுத்தும் விதிகளும் அதே ஆண்டில் வந்தன. தொண்ணூறுகளில் ஈயமற்ற பெட்ரோல் பரவி, பழையது மறைந்தது. உலகில் கடைசியாக அல்ஜீரியா 2021-இல்தான் அதைக் கைவிட்டது.

மலேசியாவில் 92-இன் இடத்தை 2009 செப்டம்பர் 1 முதல் 95 பெற்றது. 2010 சூலையில் 97-க்கு அரசு மானியம் நீங்கி, அதன் விலை சந்தையோடு ஏறி இறங்கலாயிற்று. ஆகவே இன்று இவ்விரண்டின் விலை வேறுபாட்டில் ஒரு பகுதி மானியத்தால் வந்தது, தரத்தால் வந்ததன்று. இதை அறியாமலே பலர் கூடுதல் வெள்ளியைக் கொடுக்கின்றனர்!

சாகா போன்ற சாதாரணக் குடும்பக் காருக்கு 95 போதும். அழுத்தம் மிகுந்த இயந்திரமுள்ள சில கார்களே 97 கேட்கும். எது வேண்டும் என்பது காருடன் வரும் கையேட்டில் இருக்கும். பெரும்பாலான கார்களில் எண்ணெய் ஊற்றும் மூடியின் உட்புறத்திலும் ஒட்டப்பட்டிருக்கும்.