யார் கையெழுத்து?

"கீழ்ப்பாக்கத்துக்கு அனுப்பிடுவேன்" என்ற மிரட்டலை ஒருமுறையாவது கேட்காமல் வளர்ந்த பெண்கள் நம் பக்கத்தில் குறைவு. வேடிக்கைப் பேச்சுபோல ஒலிக்கும் இந்த வாக்கியத்துக்குப் பின்னால் ஒரு சட்ட வரலாறு உண்டு. திண்டிவனத்தில் மாணவிகளுக்கு அந்த வரலாற்றை நடத்தும்போது ஒரு கேள்வியோடு தொடங்குவேன்: ஒரு பெண்ணை மனநல மருத்துவமனையில் சேர்க்கும் தாளில் கையெழுத்து யாருடையது?

சென்னையில் மனநோயாளிகளுக்கான விடுதி 1794இலேயே தொடங்கிவிட்டது. கீழ்ப்பாக்கம் மருத்துவமனை 1871இல் வந்தது. 1912ஆம் ஆண்டு இந்திய லூனசி சட்டப்படி, ஒருவரை அடைத்துவைக்கக் கணவனோ மனைவியோ உறவினரோ மாஜிஸ்திரேட்டிடம் மனுக் கொடுக்கலாம். இரண்டு மருத்துவச் சான்றிதழ்கள் வேண்டும். எழுத்தில் இது இருபாலருக்கும் பொது. சொத்தும் வருமானமும் கச்சேரிப் பழக்கமும் ஆணிடமே இருந்த வீடுகளில் மனு எழுதிய கை யாருடையதாக இருந்திருக்கும் என்று மாணவிகளுக்கு நான் விளக்க வேண்டியிருப்பதில்லை.

விடுதலைக்குப் பிறகும் அந்தச் சட்டம் நீடித்தது. 1955ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டம் மனநிலை பிறழ்வை விவாகரத்துக்கான காரணங்களில் ஒன்றாக்கியது. மனச்சிதைவு என்று நோய்க்குப் பெயர் சொன்னால் மட்டும் போதாது, சேர்ந்து வாழ முடியாத அளவுக்கு அது கடுமையானது என்று நிரூபிக்க வேண்டும் என 1988இல் ராம் நாராயண் குப்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது.

1987ஆம் ஆண்டு மனநலச் சட்டம் 1993இல் நடைமுறைக்கு வந்தது. நோயாளியைக் கொடுமைப்படுத்தக் கூடாது என்று அது சொன்னது. ஆனாலும் உறவினரோ நண்பரோ விண்ணப்பித்து, அவள் சம்மதமில்லாமலே 90 நாள்வரை உள்ளே வைத்திருக்க வழி இருந்தது. 2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில் ஏர்வாடியில் ஒரு தனியார் காப்பகம் தீப்பிடித்தது. 28 பேர் இறந்தார்கள். சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. அவர்களில் பலரை அங்கே கொண்டுவந்து விட்டவர்கள் சொந்தக் குடும்பத்தார்.

2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் இந்த வரலாற்றுக்குத் தரப்பட்ட பதில். பிரிவு 95 சங்கிலியிடுவதையும், சிகிச்சை என்ற பெயரில் கருத்தடை செய்வதையும் தடைசெய்கிறது. பிரிவு 20 கட்டாய மொட்டையைத் தடுக்கிறது. மாதவிடாய்க் காலத்துக்குத் தேவையான பொருள்களை உரிமையாக்குகிறது. குடும்பம் ஏற்கவில்லை என்பதற்காக ஒருத்தியை உள்ளேயே வைத்திருக்கக் கூடாது என்கிறது பிரிவு 19. சுயமாக முடிவெடுக்க முடியாத நிலையில் ஆண் ஒருவர் சேர்க்கப்பட்டால் 7 நாளுக்குள்ளும், பெண் சேர்க்கப்பட்டால் 3 நாளுக்குள்ளும் மனநல மறுஆய்வு வாரியத்துக்குத் தெரிவிக்க வேண்டும். ஒரு பெண்ணைத் தவறாக அடைத்துவைப்பது எவ்வளவு எளிது என்பதைச் சட்டம் ஒப்புக்கொண்ட இடமாக அந்த நான்கு நாள் வித்தியாசத்தை நான் வாசிக்கிறேன்.

சட்டம் வந்த பிறகும் விழுப்புரம் மாவட்டத்தில் நடந்ததை நாம் அறிவோம். உறவினர் ஒருவரைக் காணவில்லை என்று தொடுக்கப்பட்ட ஆட்கொணர்வு மனுவை அடுத்து, 2023 பிப்ரவரியில் விக்கிரவாண்டி அருகே குண்டலப்புலியூர் அன்புஜோதி ஆசிரமத்துக்குள் அதிகாரிகள் நுழைந்தார்கள். மனநலம் குன்றியவர்கள், முதியவர்கள் என 140க்கும் மேற்பட்டோர் மீட்கப்பட்டனர். கட்டிப்போட்டு அடித்ததாகவும், பாலியல் வன்முறை நடந்ததாகவும் புகார்கள் எழுந்தன. வழக்கு சிபிசிஐடிக்கு மாறியது. உரிய பதிவு இல்லாமலே அந்த இடம் ஆண்டுக்கணக்கில் நடந்துவந்தது. பதிவேடே இல்லாத இடத்தில் 3 நாள் அறிக்கையை யார் அனுப்புவார்கள்? தெருவில் திரியும் மனநோயாளியைக் காவல் துறை 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும் என்கிறது பிரிவு 100. "ஏதாவது ஒரு இல்லத்தில் விட்டுவிடலாம்" என்று இரக்கத்தோடு யோசிக்கும் நாமும் கேட்க வேண்டியது இதைத்தான்: முண்டியம்பாக்கம் அரசு மருத்துவமனை இருக்க, பதிவு எண்ணைக்கூடப் பார்க்காமல் அவளை ஏன் அங்கே விடுகிறோம்?

வீட்டுக்குள் இருக்கும் பெண்ணுக்கும் இந்தச் சட்டத்தில் ஒரு வழி இருக்கிறது. பிரிவு 14இன்படி, நோயுற்றால் தன் சார்பில் பேச யாரை வேண்டுமானாலும் அவள் நியமிக்கலாம். தோழியாக இருக்கலாம், அக்காவாக இருக்கலாம், கூட வேலை பார்ப்பவராக இருக்கலாம். அவர் வயதுவந்தவராக இருந்து, எழுத்தில் சம்மதம் தர வேண்டும். முத்திரைத்தாள் வேண்டாம். வெள்ளைத்தாளில் எழுதிக் கையெழுத்தோ கைநாட்டோ போட்டால் போதும். பிறகு மாற்றிக்கொள்ளவும் செய்யலாம். எழுதிவைக்காவிட்டால் அந்த இடம் பெரும்பாலும் உறவினருக்குப் போகிறது. 1912இல் மனுக் கொடுத்த அதே கைக்கு.

நூறாண்டுக்கு மேலாக மற்றவர் கையெழுத்தில் உள்ளே போனவர்களின் வரலாறு இது. இதைப் படிக்கும் மாணவிகளிடம் நான் தரும் வீட்டுப்பாடம் ஒரு வெள்ளைத்தாள். அதில் யார் பெயரை எழுதுவது என்று நலமாக இருக்கும்போதே யோசிக்க வேண்டும்.