மாடிக்கு ஏறும் முன்னே: ஏரியல் முதல் டிஷ் வரை



டி.வி.யில் படம் நின்றுவிட்டால் நாம் முதலில் என்ன செய்கிறோம்? வீட்டில் ஒருவர் மாடிக்கு ஏறுகிறார். கீழே இருந்து இன்னொருவர், "வந்துட்டுது... ஐயோ, போயிட்டுதே... இன்னும் கொஞ்சம் திருப்புங்க" என்று கத்துகிறார். இந்தப் பழக்கம் நமக்கு எங்கிருந்து வந்தது, இன்றைக்கு அது ஏன் பலிப்பதில்லை என்பதைத்தான் சொல்லப்போகிறேன்.

நம் நாட்டில் டி.வி. ஒளிபரப்பு 1959 செப்டம்பர் 15-ல் டெல்லியில் சோதனையாக ஆரம்பமானது. 1967 ஜனவரி 26-ல் 'கிருஷி தர்ஷன்' என்ற வேளாண்மை நிகழ்ச்சி தொடங்கியது. டெல்லியைச் சுற்றிய 80 கிராமங்களில் பொதுப் பெட்டி வைத்து அதைக் காட்டினார்கள். பணக்கார வீட்டுச் சாமான் என்று பேர் வாங்கிய டி.வி., ஆரம்பத்திலேயே விவசாயியைத் தேடி வந்ததுங்க. சென்னை நிலையம் 1975 ஆகஸ்ட் 15-ல் வந்தது. அதே மாதம் முதல் தேதியிலிருந்து ஓராண்டு காலம், ஆறு மாநிலங்களில் சுமார் 2,400 கிராமங்களுக்கு அமெரிக்கச் செயற்கைக்கோள் ஒன்றின் வழியாக நேரடியாகவே படம் வந்தது. கோழிக்கூண்டுக்குப் போடுகிற மாதிரிக் கம்பி வலையில் பத்தடி அகலத்துக்குக் குடை செய்து நிறுத்தியிருந்தார்கள். அந்த ஆறில் ஆந்திராவும் கர்நாடகமும் இருந்தன, தமிழ்நாடு இல்லை.

நமக்கு வாய்த்தது மீன் முள் மாதிரி இருக்குமே, அந்த அலுமினிய ஏரியல்தான். ஜப்பானில் உடா, யாகி என்ற இருவர் 1926-ல் உலகுக்குச் சொன்ன அமைப்பு அது. டி.வி. அலை பெரும்பாலும் நேர்கோட்டில் போகும். நடுவே மலை இருந்தால் மறைக்கும். அதனால் நிலையத்துக்குத் தூரமான ஊர்களில் இருபதடி, முப்பதடிக் குழாய் நட்டு, உச்சியில் ஏரியலைக் கட்டி, பூஸ்டரும் போட்டோம். இலங்கையில் 1982-ல் ரூபவாஹினி தொடங்கியதும் நம் தென்கோடி ஊர்களில் ஏரியல்கள் கடல் பக்கம் திரும்பியது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். கொடைக்கானல் கோபுரம் வந்த பிறகு அவை மலைப் பக்கம் திரும்பின.

அந்தக் காலத்துக் கோளாறு கண்ணுக்குத் தெரியும். அலை குறைந்தால் படத்தில் புள்ளி புள்ளியாக ஈ மொய்க்கும். மலையிலோ கட்டடத்திலோ பட்டு வந்தால் ஆளுக்குப் பக்கத்தில் இன்னொரு ஆள் நிழலாக நிற்பான். பக்கத்தில் மோட்டார் சைக்கிள் கிளம்பினால் குறுக்கே கோடு ஓடும். கொஞ்சம் திருப்பினால் கொஞ்சம் தெளியும். கண்ணும் கையும் சேர்ந்து வைத்தியம் பார்த்தன. குழாயைத் தூக்கி நிறுத்தும்போது மின்கம்பியில் பட்டு உயிர் போனதும் உண்டு. அது இன்றைக்கும் நடக்கக்கூடியதுதான்.

2004 டிசம்பரில் தூர்தர்ஷன் தன் நேரடி டிஷ் சேவையைத் தொடங்கியது. இன்று அதற்குப் பேர் டி.டி. ஃப்ரீ டிஷ். தனியார் டிஷ்களும் வந்தன. தரைவழியே வந்த பழைய ஒளிபரப்பை 2022-க்குள் ஒருசில இடங்கள் தவிர நிறுத்திவிட்டார்கள்.

இங்கேதான் கோளாறின் முகமே மாறிப்போச்சு. டிஜிட்டல் முறையில் படம் எண்களாக வருகிறது. வழியில் சில எண்கள் கெட்டாலும் செட்டாப் பாக்ஸ் தானே திருத்திக்கொள்ளும். ஓர் அளவு வரைக்கும் படம் பளிச்சென்று இருக்கும். அதைத் தாண்டினால் சதுரம் சதுரமாக உடையும், அப்புறம் ஒன்றுமே இராது. வாய்க்காலில் தண்ணீர் குறைவது நமக்கு மெல்லத் தெரியும். கரண்ட் போனால் மோட்டார் ஒரேயடியாக நின்றுவிடும் அல்லவா, அந்த மாதிரி. உள்ளுக்குள்ளே கோளாறு மாசக்கணக்கில் வளர்ந்திருக்கலாம், கரையான் உத்திரத்தைத் தின்பதுபோல. படத்தைப் பார்த்து அதைக் கண்டுபிடிக்க முடியாது.

அடுத்தது, அளவு. பழைய ஏரியலை ஒரு சாண் திருப்பினாலும் படம் ஓரளவு இருக்கும். டிஷ்ஷின் விளிம்பு ஒரு விரற்கடை நகர்ந்தாலே படம் போய்விடும். அது பார்ப்பது சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிற ஒரு புள்ளியை! நானே ஒரு அடைமழையில் படம் போச்சென்று மாடி ஏறி, நன்றாக இருந்த டிஷ்ஷைத் திருப்பிவிட்டேன். அரை மணியில் மழை விட்டது. பக்கத்து வீட்டில் படம் வந்தது. எங்கள் வீட்டில் மெக்கானிக் வர இரண்டு நாளாச்சு.

மழையில் படம் போவது ஏன்? டிஷ்ஷுக்கு வரும் அலையின் நீளம் சுமார் இரண்டரை சென்டிமீட்டர்தான். கனத்த மழைத்துளிகள் அதை விழுங்கியும் சிதறடித்தும் விடும். மழை விட்டால் தானே வரும். மார்ச்சிலும், செப்டம்பர் கடைசியை ஒட்டியும் சூரியன் செயற்கைக்கோளுக்கு நேர் பின்னால் வரும் சில நாட்களில், சில நிமிஷம் படம் போகும். அதுவும் தானே சரியாகும்.

ஆகையால் முதலில் பக்கத்து வீட்டில் கேளுங்க, அதே டிஷ்காரர்களாகப் பார்த்து. 2010 ஜூலையில் இன்சாட்-4பி செயற்கைக்கோளின் சூரியத் தகடு ஒன்றில் பழுது வந்து, பாதி ஒளிபரப்புக் கருவிகளை நிறுத்த வேண்டியதாயிற்று. கோளாறு வானத்தில், மாடியில் எத்தனை திருப்பினாலும் என்ன ஆகும்?

அங்கே படம் இருந்து உங்களுக்கு மட்டும் இல்லையென்றால், பாக்ஸின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு ஒயர் முனைகளைப் பாருங்க. மாடியில் வெயிலில் வெடித்த ஒயருக்குள் மழைத்தண்ணீர் இறங்கி, செம்பு பச்சை பூத்திருக்கும். டிஷ்ஷின் கண் என்கிறோமே, எல்.என்.பி., அதன் மூடி உடைந்து உள்ளே குளவி கூடு கட்டியிருக்கும். பழைய பெட்டிக்கு மூன்று நிற ஒயர் போகும். மஞ்சள் படத்துக்கு, சிவப்பும் வெள்ளையும் சத்தத்துக்கு. பிறகு பாக்ஸின் மெனுவில் சிக்னல் பக்கத்தைத் திறந்தால் வலிமை, தரம் என்று இரண்டு கோடு இருக்கும். வலிமை நிறைய இருந்து தரம் பூஜ்யமாக இருந்தால் டிஷ் திசை மாறியிருப்பதற்கே வாய்ப்பு அதிகம். அப்போது கருவி வைத்திருக்கிற ஆளைக் கூப்பிடுவதே நல்லது.

இன்னொன்று. புயல் எங்கே கரை கடக்கிறது என்று தெரிந்தாக வேண்டிய நேரத்தில்தான் கனமழை பெய்யும், டிஷ்ஷும் நிற்கும். 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரை கடந்த இரவில் டெல்டாவில் கரண்டே இல்லை. பேட்டரி ரேடியோ ஒன்று இருந்தால் பரண்மேல் போட்டுவிடாதீங்க. ஐப்பசி பிறக்கும் முன்னே புது பேட்டரி போட்டு, ஒருமுறை முடுக்கிப் பாத்துக்குங்க.