கோடம்பாக்கத்துக்கு எத்தனை எழுத்து?

கோடம்பாக்கம் என்னும் ஊர்ப்பெயரில் ஏழு எழுத்து. யூனிகோடு அதையே 12 குறியீடாக எண்ணும். கோ, ம், பா, க், ம் என்னும் ஐந்துக்கும் இரண்டிரண்டு. இணைய முகவரிக்குள் நுழைந்ததும் அது 108 குறியாக நீள்கிறது.

முகவரியில் தடையின்றி எழுதத்தக்கவை, 2005இல் வெளியான விதிப்படி, 66 குறிகள்தாம்: ஆங்கிலப் பெரிய, சிறிய எழுத்துகள் 52, எண்கள் 10, இடைக்கோடு, புள்ளி, அடிக்கோடு, அலைக்கோடு. சாய்கோடு, கேள்விக்குறி முதலியவற்றுக்குத் தனிப் பணி உண்டு. தமிழுக்கு அங்கே இடமில்லை. ஆகவே ஒவ்வொரு குறியீட்டையும் யூடிஎஃப்-8 முறையில் பைட்டுகளாக்குகிறார்கள். ‘க’ என்பது 224, 174, 149 என்று மூன்று பைட். பைட் ஒவ்வொன்றையும் ஒரு விழுக்காட்டுக் குறியும் பதினாறடிமான இலக்கம் இரண்டுமாக எழுதினால் ஒன்பது குறி. பன்னிரண்டு ஒன்பது நூற்றெட்டு. வாட்ஸ்அப்பில் வந்து விழும் அந்த நீண்ட சரத்தைக் கண்டு முகவரி கெட்டுவிட்டது என்று எண்ண வேண்டாம். உலாவி அதை மீண்டும் தமிழாக்கிவிடும்.

உண்மையான சிக்கல் முதலெழுத்திலேயே இருக்கிறது. கையால் அச்சுக் கோத்த நாளில் இரட்டைக்கொம்பு, க, கால் என்று மூன்று அச்சை எடுத்து அடுக்கினால்தான் ‘கோ’ வரும். யூனிகோடு ஓகாரக் குறியை ஒரே குறியீடாகவும் வைத்திருக்கிறது. கொம்பும் காலுமாகப் பிரித்து எழுதவும் இடம் தருகிறது. கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. ஆனால் பிரித்து எழுதினால் 13 குறியீடு, 117 குறி. பைட்டை மட்டும் ஒப்பிடும் வழங்கி, இருக்கிற பக்கத்தையே இல்லை என்று சொல்லிவிடும். இரண்டும் சமம் என்று யூனிகோடே விதித்திருக்கிறது; ஒரே வடிவாக்கும் முறையையும் வகுத்திருக்கிறது. 2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியா அந்த வடிவில்தான் தலைப்புகளைச் சேமிக்கிறது.

இன்னொரு பிழை, மாற்றியதையே மறுபடி மாற்றுவது. அப்போது விழுக்காட்டுக் குறியும் மூன்று குறியாகப் பெருகும். 108 என்பது 180 ஆகும்.

இவற்றுக்கு அஞ்சி ஊர்ப்பெயர்களை ஆங்கில எழுத்தில் போட்டுவிடுகிறவர்கள் உண்டு. அது தீர்வன்று; ட, த இரண்டும், ண, ந, ன மூன்றும் அங்கே ஒன்றாகிவிடுகின்றன. மென்பொருள் எழுதும் தம்பி தங்கைகளுக்கு என் வேண்டுகோள்: முகவரியை வாங்கும்போதே ஒரே வடிவாக்குங்கள், ஒரே முறை மாற்றுங்கள், கோடம்பாக்கத்தைத் தமிழிலேயே விடுங்கள்.